மரபு உணவுக் கண்காட்சியில் என் மாமியார்

என் மாமியாருக்கு ஊரார் வைத்த பெயர் பினாயில். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஊர்ப் பொது மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கூட்டுவது, துடைப்பது, நாற்காலி போடுவது, கூட்டம் முடிந்ததும் மேடைக்கடியில் உருண்டு கிடக்கிற தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்குவது, கழிவறையைப் பூட்டுவது எல்லாம் அவர்தான். அவர் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். அந்தத் தரையில் செருப்போடு ஏறுகிறவன் எந்தக் கொம்பனாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவான்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் பட்ட பாடு நாய் படாது. தம்ளரை நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பேன். அவர் அதை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுவார். பழசு, மீந்தது, நேற்று வைத்தது எதுவும் அவர் வாய்க்குப் போகாது. பெரிய அரண்மனையில் பிறந்த மகாராணி என்று என் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாள். மாமியாரைப் பற்றிப் பேசிச் சிரிக்காத அம்மாவும் மகளும் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள்?

எனக்குத் தையல் தொழில். வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டிருக்கிறேன். மண்டபத்துக்குத் திரைச்சீலை, மேசை விரிப்பு என்று ஏதாவது வேண்டுமானால் என்னிடம்தான் வரும். அப்படித்தான் நானும் அந்தக் கண்காட்சிக்குள் மாட்டிக்கொண்டேன்.

போன வருஷம் நடந்தது இது. தலைநகரத்து அருங்காட்சியகம் ஒன்று, 'கிராமத்து உணவு மரபுகள்' என்று படப் பலகைகளையும் பாத்திரங்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் சில வாரம் இருக்கும். மண்டபம், கரண்ட், காவல், திறப்புவிழா எல்லாம் அந்தந்த ஊரின் பொறுப்பு. கடைசி மூலையை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருப்பார்கள். அதை ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் சொந்தப் பெருமையைக் கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டதும் எங்கள் ஊர்த் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண வீடென்றால் தானே மாப்பிள்ளையாகவும் இழவு வீடென்றால் தானே பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள் அவர். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதி அவர் அப்பா விட்டுப்போனது. தேர்தலில் நிற்பார், ஜெயிப்பார், மறுபடி நிற்பார். அவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழு கூடியபோதெல்லாம் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

பெட்டிகளோடு கூடவே அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மேடம் என்று கூப்பிட்டோம். மண் நிறத்தில் உடை, கழுத்தில் மரமணி, காலில் தோல் செருப்பு. அதை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்ததால் மாமியாருக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று. பேச்சும் தேன்தான். யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்டருந்து நாங்க எவ்வளவோ கத்துக்கணும்" என்பார். கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பலகைகளுக்கடியில் சுற்றிக் கட்டும் துணிக்கு அளவெடுக்க நான் போன அன்றுதான் பெட்டிகளைப் பிரித்தார்கள். மெழுகில் செய்த பழங்கள், பிளாஸ்டிக் மீன்கள், யாரோ ஒருவர் வீட்டு அடுப்பு. அப்புறம் படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வாசகம். 'எளிமையே இவர்களின் சுவை.' 'குறைவாக உண்டு நிறைவாக வாழ்ந்தவர்கள்.' குறைவாக உண்டது ஆசைப்பட்டா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்கள் எழுதிய எழுத்து, அந்த ஏப்ப வாசனை அதில் அடித்தது.

மாமியார் ஈரத்துணியோடு ஒவ்வொரு பலகையாகத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் பெரிய பலகை கடைசியாகப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு நீளமான கல் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் குந்தியிருக்கிறார்கள். பெரியது வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. சின்னது முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறது. படத்தின் வலது ஓரத்தில் ஈரமான ஒரு மாட்டு மூக்கு, அதுவும் பாதிதான். கீழே எழுதியிருந்தது இது: 'பகிர்ந்து உண்ணும் மரபு. பொதுக் கல் பாத்திரத்தில் ஒன்றாகச் சாப்பிடும் கிராமத்துச் சிறார். எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் சத்தான சக்கை இவர்களின் விருப்பமான காலை உணவு.'

மாமியாரின் கை நின்றுவிட்டது. சின்னப் பிள்ளையின் முகத்தை மட்டும் ஒருமுறை மெதுவாகத் துடைத்தார். பிறகு அங்கேயே நின்றார்.

"என்னாச்சு அத்தை?"

"ஒண்ணுமில்ல. தூசி."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். என் கணவரிடம் சொல்லக்கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"அந்தப் படத்துல பெருசா இருக்கே, அது நான். சின்னது என் தங்கச்சி."

அவருக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அது பாத்திரம் இல்லடி. மாட்டுத் தொட்டி. தலைவரோட அப்பா வீட்டு மாட்டுக் கொட்டாயில கிடந்தது. மழையே இல்லாத வருஷம். எங்கப்பா வேலை தேடிப் போனவரு வரல. அம்மா அங்கதான் சாணி அள்ளப் போவா. மாட்டுக்குன்னு பிண்ணாக்கு ஊற வெச்சிருப்பாங்க. ஆளுங்க வர்றதுக்குள்ள நாங்க போய்க் கைய விட்டு அள்ளித் தின்னுட்டு ஓடிருவோம்."

"படம் எடுத்தது யாரு?"

"பெரியவரைப் படம் புடிக்க வந்தவன். உள்ள விருந்து சாப்பிட்டுட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தான். ஈரக்கையைத் துடைச்சிக்கிட்டே எங்களைப் பாத்தான். அப்படியே இருங்கன்னான். இருந்தோம். அடிக்காம பேசுறானேன்னு சந்தோஷமா இருந்தோம்."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பறந்ததைப் படம் பிடித்துவைத்துக்கொள்ளவும் ஒருவன் வருவான் என்று அந்தப் பழமொழி சொன்னவருக்குத் தெரிந்திருக்காது. தங்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு ஒரு தடவை ஊறப்போட்டிருந்தார்களாம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒதுக்கத் தெரியவில்லை. பெரியதற்கு வாந்தி வந்தது, பிழைத்தது. சின்னதற்கு வயிறு ஊதியது. மழை வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

"அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு. இன்னிக்குத்தான் பாக்குறேன், அதுவும் எங்க பாக்குறேன் பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவளை அங்கருந்து எடுக்கணும்டி. செத்தும் விடாம ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போய் அந்தத் தொட்டிகிட்டயே குந்த வெக்கிறானுங்க."

இதுதான் அவர் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே மேடத்திடம் போய் நின்றார். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கட்டிய கணவரிடமே கடைசிவரை சொல்லாத விஷயத்தை நேற்று வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

"அந்தப் பெரிய படம் வேணாம்மா. அதை மட்டும் பெட்டியிலயே வெச்சிரலாம்."

"ஏன்ம்மா?"

"நல்லால்ல."

மேடம் சிரித்தார். "அதுதாம்மா இந்தக் கண்காட்சியோட உயிரே. போஸ்டர்ல போட்டிருக்கறதும் அதுதான். அந்தக் குழந்தைங்க கண்ணைப் பாருங்க, எவ்வளவு மகிழ்ச்சி! அதுவும் போக, வந்ததை வந்தபடி வைக்கணும்னு ஒப்பந்தம் இருக்கு. ஊர்க்காரங்க எதையும் எடுக்க முடியாது."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். படத்தின் முன்னால் நின்றார். தொட்டியின் ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். அதைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"இது எங்க வீட்டுத் தொட்டி! மூலை உடைஞ்சிருக்கு பாருங்க! இப்பவும் தோட்டத்துல கெடக்குது மேடம்!"

"உங்க வீட்டுப் பாத்திரமா?" மேடத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

நான் அப்போது தரையில் உட்கார்ந்து துணிக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைவரின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அது மாட்டுத் தொட்டி என்று அவருக்குத் தெரியும். அதில் மாடு தண்ணீர் குடித்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் அவர் எந்தப் பக்கம் போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆமா மேடம். பஞ்ச காலத்துல எங்கப்பா இதுலதான் ஊருக்கே சாப்பாடு போட்டாரு. எந்தப் புள்ள வந்தாலும் இல்லன்னு சொன்னதில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனுஷர் மாட்டையே மறைத்தார். காலி மூலைக்கு என்ன வைப்பது என்கிற கவலையும் அதோடு தீர்ந்தது. தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, திறப்புவிழாவன்று அதே சத்தான சக்கையை அதில் வைத்து விருந்தாளிகளுக்குக் கொடுப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. மாமியார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டிராக்டரில் தொட்டி வந்தது. அதைக் கழுவ வேண்டியது மண்டபத்து ஆள். மாமியார் அதன் பக்கத்திலேயே போகவில்லை. "நீ கழுவுடி, எனக்கு முடியல" என்றார். ஒரு வேலையை முடியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. நான்தான் பிரஷ்ஷும் சோப்புமாகக் குனிந்தேன். கல்லின் உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நாக்கு பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். தடவிப் பார்த்த கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவியும் எனக்குத் திருப்தி வரவில்லை. மாமியார் ஏன் தம்ளரை முகர்ந்து பார்க்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

விருந்துக்கு அமர்த்திய சமையல்காரர் நேர்மையான மனிதர். பிண்ணாக்கு மூட்டையை இறக்கிவிட்டு என்னிடம் புலம்பினார்.

"தீவனக் கடையில எத்தனை மாடுன்னு கேக்குறான். கலெக்டர் ஆபீஸ் ஆளுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? வாயில வெச்சுப் பாத்தேன், தொண்டையில இறங்கல. அப்புறம் தேன், வெண்ணெய், வறுத்த பருப்புன்னு மூணு பங்கு போட்டு, ஒரு பங்கு இந்தச் சனியனைப் போட்டு உருட்டியிருக்கேன். கேட்டா மரபுன்னு சொல்லச் சொல்றாங்க."

திறப்புவிழாவுக்குக் கூட்டம் அம்மியது. மாவட்ட அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். தலைவர் பேசினார். அப்பா, பஞ்சம், வள்ளல், கண்ணீர் எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரியும். தெரிந்தும் கைதட்டினார்கள். பெரிய இடத்துப் பொய்க்கு எங்கள் ஊரில் எப்போதும் கைதட்டல் உண்டு.

பிறகு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அதற்கு நான் தைத்த பூப்போட்ட துணி கட்டியிருந்தது. தட்டு வைக்கவேண்டாம், கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம், அப்போதுதான் அந்த உணர்வு வரும் என்று மேடம் சொல்லிவிட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதிகாரி குனிந்தார். தலைவர் குனிந்தார். தலைவரின் மனைவியும் பள்ளித் தலைமையாசிரியரும் வங்கி மேலாளரும் வரிசையாகக் குனிந்தார்கள். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார், குனிந்தார்கள். நாக்குத் தேய்த்த விளிம்பின்மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு தீவனம் தின்றார்கள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. சிரிப்பு வரவேண்டிய இடம்தான், ஆனால் வரவில்லை.

"அடடா, மண் வாசனை!" என்றார் அதிகாரி.

"நம்ம ஆளுங்க எவ்வளவு ஆரோக்கியமா சாப்பிட்டிருக்காங்க பாருங்க" என்றார் வங்கி மேலாளர். அவர் இரண்டாவது உருண்டைக்குக் கைவிட்டார்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைப் போட இடம் தேடினார்கள் சிலர். குப்பைக்கூடை வாசலில் இருந்தது, அவ்வளவு தூரம் யார் நடப்பது? நன்றாக உடுத்திய ஒரு பெண்மணி, பாதி கடித்த உருண்டையைப் பெரிய பலகையின் சட்டத்தில் ஒட்டிவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். சரியாகச் சின்னப் பிள்ளையின் முகத்துக்குக் கீழே. எச்சில் பளபளவென்று தெரிந்தது.

மாமியார் வந்தார். அந்த உருண்டையை வழித்து எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். மைக் எல்லாம் அவருக்குத் தேவையில்லை. மண்டபத்தின் அந்தக் கோடியில் செருப்போடு வருகிறவனை இந்தக் கோடியிலிருந்தே நிறுத்துகிற குரல் அது.

"எல்லாரும் கேளுங்க. இது சாப்பிடுற பாத்திரம் இல்ல. மாட்டுத் தொட்டி. இந்தப் படத்துல இருக்கறது நானும் என் தங்கச்சியும். திருடித் தின்னோம்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. கூட்டத்தில் என் கணவரும் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தலைவர் முந்திக்கொண்டார். "நம்ம வீட்ல வளந்த பொண்ணுதாங்க. எங்கப்பா கையால சாப்பிட்டு வளந்தவங்க."

"உங்கப்பா கையில குச்சி இருந்துச்சுங்கய்யா" என்றார் மாமியார். "உங்க வீட்ல எங்களுக்கு எடம் குடுத்தது மாடுதான். நாங்க வந்தா ஓரமா நகந்து நிக்கும்."

இதற்குமேல் இவர்களால் என்ன செய்ய முடியும், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு ஒரு பிண்ணாக்கும் தெரியவில்லை என்பது அடுத்த நிமிஷமே தெரிந்தது. யாரோ கைதட்டினார்கள். மேடம்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. உடனே அதிகாரி தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். "வாழும் சாட்சி!" என்று மேடம் ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டார். போட்டோக்காரர் மாமியாரைத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தச் சொன்னார், படத்தில் உள்ளதைப் போலவே ஒரு கையை மட்டும் உள்ளே விட்டால் போதுமாம். எங்கள் தெருப் பெண்மணி ஒருத்தி என் தோளைத் தட்டி, "அதான் உங்க மாமியார் இந்த வயசுலயும் இவ்வளவு திடமா இருக்காங்க" என்றாள். அவள் மூஞ்சியில் அந்த உருண்டையை அப்பவேண்டும் போலிருந்தது.

மாமியார் குந்தவில்லை. மேடத்தைத் தனியாகப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். தங்கை எதைத் தின்று செத்தாள் என்பதையும் அங்கே சொல்லிவிட்டார்.

"நான் வேற ஒண்ணும் கேக்கல. அவளைப் படத்துலருந்து எடுத்துருங்க. எனக்கு அவ மூஞ்சி மட்டும் சின்னதா ஒரு போட்டோ போட்டுக் குடுங்க. போதும்."

மேடம் அழுதார். அழுதுகொண்டே போனில் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்தார். "உங்க ஆட்சேபணையை நாங்க மதிக்கிறோம்மா. எங்க அருங்காட்சியகக் குழுவுல பேசுறேன். அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள கட்டாயம் மாத்திடுவோம்."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, சித்தியின் பெயர் என்ன என்று கேட்டார். மாமியார் சொன்னார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். நான் சாப்பாடு போட்டேன்.

கண்காட்சி முடிந்து லாரி கிளம்பியது. தொட்டியையும் தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்துக் கூடவே அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்து மேடத்திடமிருந்து போன் வந்தது. ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டார்கள், பலகையை மாற்றிவிட்டார்கள், கேட்ட போட்டோவும் தயாராக இருக்கிறது, அடுத்த ஊரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். மாமியார் போனை வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அன்றைக்கு நான் கழுவிய தம்ளரை முகர்ந்து பார்க்காமலேயே தண்ணீர் குடித்தார். போட்டோவுக்குச் சட்டம் போட அளவு தெரியவில்லையே என்று அவருக்கு ஒரு கவலை. கடைக்காரரிடம் போய்ச் சின்னதும் பெரிதுமாக விலை கேட்டுவைத்துக்கொண்டார்.

பஸ் பிடித்துப் போனோம். அந்த ஊரில் பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். தரை ஒரே மண். மாமியார் அதைப் பார்த்து முகம் சுளித்தார். மேடத்தைத் தேடிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

பலகையைப் புதிதாக அச்சடித்திருந்தார்கள். முன்னைவிடப் பெரிது, முன்னைவிடத் தெளிவு. பெரிய பெண்ணைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தை அப்படியே அழித்து வெறுமையாக்கியிருந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை மட்டும் குந்தியிருந்தாள், முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு. வலது ஓரத்து மாட்டு மூக்கு பத்திரமாக இருந்தது. வாசகமும் மாறியிருந்தது: 'கால்நடைகளோடும் பகிர்ந்து உண்ணும் பண்பாடு. குழந்தைகள் வந்தால் மாடும் விலகி இடம் கொடுக்கும் என்று நினைவுகூர்கிறார் ஒரு கிராமத்து மூதாட்டி.' கீழே அதே கல் தொட்டி. அதிலிருந்து உருண்டை எடுக்க ஒரு வரிசை நின்றது.

இதற்கு வாந்தி ஒன்றுதான் பதில் என்று தோன்றியது. மேடம் எங்களைப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு ஓடிவந்தார். கையில் சுருட்டிய போட்டோ இருந்தது.

"பாத்தீங்களாம்மா? உங்களை முழுசா எடுத்துட்டோம். உங்க விரல்கூட இல்ல."

"எங்க அத்தை என்ன கேட்டாங்க, நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "அந்தப் புள்ளையத்தான எடுக்கச் சொன்னாங்க?"

"விதி அப்படிம்மா. படத்துல இருக்கறவங்க ஆட்சேபிச்சா அவங்களை எடுத்துடணும். உங்க அத்தை சொன்னாங்க, எடுத்துட்டோம். அந்தக் குழந்தை விஷயத்துல..." மேடம் கொஞ்சம் தடுமாறினார். "அவங்களே நேர்ல சொல்லணும்னு குழுவுல சொல்றாங்க."

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. வரிசையில் நின்றவர்கள் உருண்டையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் மட்டும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மேடம் நீட்டிய போட்டோவை அவர் வாங்கவும் இல்லை. பலகைக்கு மிக அருகில் போய், தங்கைக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்தின் கையைப் பிடித்தார்.

"என்னைத் திரும்பப் போட்டுரும்மா. அவ தனியா சாப்பிட மாட்டா."